ரெண்டு, மூடு

தை பிறக்கும்போது சித்தூர் வட்டாரத்து மாந்தோப்புகள் பூத்து நிற்கும். கூழ் ஆலைகளுக்குப் போகும் தோதாபுரி மரங்களில் இலை தெரியாத அளவுக்குப் பூங்கொத்து அடர்ந்திருக்கும் அந்தச் சில வாரங்கள்தாம் உழவருக்கு ஆண்டின் மிக நீண்ட வாரங்கள். தத்துப்பூச்சி அப்போதுதான் வரும். பூங்கொத்தின் சாற்றை அது உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் பூமீதும் இலைமீதும் பிசுபிசுவென்று படியும். அதன்மேல் கரும்பூஞ்சை படரும். பூ கருகி உதிரும். தெலுங்கு உழவர் இதைத் 'தேனெமஞ்சு புருகு' என்பர். மஞ்சு என்றால் அங்கே பனி, தேன்பனிப் பூச்சி. கொடுமையான ஒன்றுக்கு இவ்வளவு அழகான பெயர் வேறு மொழிகளில் அதிகம் இராது.

2012ஆம் ஆண்டுத் தையில், சித்தூர் நகரின் ஓரத்தில் இருந்த ஒரு பட்டறைக்கு ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின்னால் ஓர் எஞ்சினைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மருந்து தெளிக்கும் பம்பை ஓட்டும் சிறிய எஞ்சின். பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் வகை. அதை உயிர்ப்பிக்கும் கயிறு அறுந்து, கைப்பிடி மட்டும் தனியே அவருடைய சட்டைப்பையில் இருந்தது. தோப்பில் பாதி மரங்களுக்கே மருந்து விழுந்திருந்தது. மாலைக்குள் வேண்டும் என்றார்.

சாலையில் ஓடும் வண்டிகளைத் தொடங்கும் முறைகள் எல்லாருக்கும் பழக்கம். ஸ்கூட்டரைக் காலால் உதைக்கிறோம். பழைய லூனாவை மிதித்தார்கள். பின்புற எஞ்சின் கொண்ட பழைய பஜாஜ் ஆட்டோக்களில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் தரையோரம் இருக்கும் நெம்புகோலை வெடுக்கென்று மேலே இழுப்பார். கயிற்று முறைக்கு நம் சாலைகளில் இருந்த நெருங்கிய உறவு அதுவே. நம் ஊர்களில் கயிற்றால் தொடங்கும் எஞ்சினைப் பார்க்கவேண்டுமானால் சாலையை விட்டுத் தோப்புக்கோ, கிணற்றடிக்கோ, மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும் கடைவாசலுக்கோ போகவேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் இதைக் 'கயிற்றுத் தொடக்கி' என்று எழுதலாம். பட்டறையில் அது ஸ்டார்ட்டர்தான்.

உள்ளே இருப்பவை நான்கைந்து பொருள்களே. தகரக் கூடு ஒன்று. அதன் நடுவில் கயிறு சுற்றிய உருளை. உருளைக்குக் கீழே, கடிகாரத்தின் வில்லைப் போலச் சுருண்டு கிடக்கும் எஃகுப் பட்டை. உருளையின் முகத்தில், இழுக்கும்போது மட்டும் வெளியே நீளும் கொக்கிகள். எஞ்சினின் சுழல்தண்டில் பொருத்திய ஒரு கிண்ணம். கயிற்றை இழுத்தால் கொக்கி நீண்டு கிண்ணத்தைப் பற்றித் தண்டைச் சுழற்றும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் கிண்ணம் உருளையை முந்திவிடும், கொக்கி உள்ளே போய்விடும். கையைத் தளர்த்தினால் எஃகுச் சுருள் கயிற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். இதற்கு முந்தைய எஞ்சின்களில் சுருள் கிடையாது. பள்ளம் வெட்டிய உருளையில் கயிற்றின் முடிச்சை மாட்டி, கையாலேயே சுற்றி, இழுக்க வேண்டும். கயிறு கழன்று கையோடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுற்ற வேண்டும். அந்த அலுப்பைப் போக்க வந்ததே இந்தச் சுருள். ஆனால் பழுதுபார்ப்பவரைக் காயப்படுத்தும் வழியும் அதனோடு சேர்ந்தே வந்தது.

பட்டறைக்காரரை அந்தத் தெருவில் எல்லாரும் மேஸ்திரி என்றே அழைத்தார்கள். அறுபதை நெருங்கியவர். வீட்டுமொழி தெலுங்கு. இளமையில் வேலூரில் தொழில் கற்றவர். அதனால் கருவிகளோடு பேசும்போது தமிழ் வந்துவிடும். வலது கைக் கட்டைவிரலின் அடியில் ஒரு நீண்ட வெண்தழும்பு. கவனமில்லாமல் உருளையைத் தூக்கியபோது சுருள் துள்ளி வந்து எழுதிய எழுத்து அது. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையனுக்குப் பதினாறு வயது. குடிபாலா பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்துபோனான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. பள்ளியை விட்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

மேஸ்திரி முதலில் கேட்டது கயிற்றைப் பற்றி அல்ல. முந்தின நாள் எஞ்சினை எப்படி நிறுத்தினீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். தோப்புக்காரர் விழித்தார். இந்த வகை எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன்பு மண்ணெண்ணெய்க் குழாயை மூடி, பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் அப்படியே அணைத்தால், மறுநாள் காலைக் குளிரில் கார்புரேட்டருக்குள் இருப்பது மண்ணெண்ணெய்தான். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. ஆள் இழுப்பான்; பற்றாது; கோபத்தோடு இழுப்பான்; கயிறு துளையின் விளிம்பில் தேய்ந்துகொண்டே இருக்கும்; ஒருநாள் கையோடு வந்துவிடும். கயிறு அறுந்தது நோயல்ல, நோயின் குறி என்பது அவருடைய கட்சி. இழுக்கும் முறையையும் அவர் சொல்லித்தருவார். முதலில் மெல்ல இழுத்து, உள்ளே அழுத்தம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, கயிற்றை மெதுவாக உள்ளே விட்டு, பிறகு ஒரே வீச்சில் நேராக இழுக்க வேண்டும். இழுத்தபின் கைப்பிடியைப் படாரென்று விட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய் வைக்க வேண்டும். கேட்டுத் தலையாட்டியவர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்பது வேறு.

வேலை தொடங்கியது. கூட்டைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டுகளைப் பையன் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, கூட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். சுருளில் மிச்சமிருந்த முறுக்கை விரலால் உருளையைப் பிடித்துக்கொண்டே மெல்ல விட்டான். அறுந்த கயிற்றின் அடிமுடிச்சை உருவினான். சுருள் நல்ல நிலையில் இருந்ததால் உருளையைத் தூக்கவேண்டிய தேவை வரவில்லை. தூக்க நேர்ந்தால் மேலே ஒரு கோணியைப் போட்டுக்கொண்டுதான் தூக்கவேண்டும் என்பது பட்டறைச் சட்டம். பழைய கயிற்றின் இரு துண்டுகளையும் சேர்த்து அளந்து, அதே நீளத்துக்கு, அதே பருமனில் நைலான் கயிறு வெட்டினான். நுனி பிரியாமல் தீக்குச்சியில் உருக்கி விரலால் உருட்டினான். முடிச்சுப் போட்டான். இதுவரை மொழியால் எந்தத் தொல்லையும் இல்லை. முடிச்சுக்குத் தெலுங்கில் 'முடி'. தமிழிலும் முடிவதுதான் முடிச்சு. மேஸ்திரி எந்த மொழியில் சொன்னாலும் பையன் கை முடிச்சைத்தான் போட்டிருக்கும்.

அடுத்தது முறுக்கேற்றுதல். கயிற்றை உருளையில் சுற்றியபின், சுருளுக்கு முன்கூட்டியே சில சுற்று இறுக்கம் கொடுக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் கைப்பிடியைக் கூட்டோடு ஒட்டி நிறுத்துவது. எத்தனை சுற்று என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். குறைந்தால் கைப்பிடி தொய்ந்து தொங்கும். கூடினால், கயிறு முழுதாக வெளியே வருவதற்கு முன்பே சுருள் தன் எல்லையைத் தொட்டுவிடும். பலமாக இழுப்பவன் கையில் சுருள் ஒடியும். எந்தப் பக்கம் சுற்றுவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. எஞ்சினில் பொருத்தியபின் எதிரே நின்று பார்த்தால் இவ்வகை எஞ்சின்களில் உருளை வலமாகச் சுழலும். கழற்றிக் கவிழ்த்து மடியில் வைத்தால் அதே சுழற்சி இடமாகிவிடும். வலம், இடம் என்றால் பையன்கள் குழம்புவார்கள் என்று மேஸ்திரி வேறொரு வழி வைத்திருந்தார்.

"எஞ்சின்மேல இருந்தா கோயில் சுத்து. மடிமேல இருந்தா அதுக்கு எதிர் சுத்து. ஞாபகம் வச்சிக்கோ."

திருமலைக்கு இவ்வளவு அருகில் வளர்ந்த பையனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த எஞ்சினுக்கு மூன்று சுற்று. மேஸ்திரி அதை அன்று காலையில் சொல்லியிருக்கவில்லை. அவர் பத்தடி தள்ளி, ஒரு ஜெனரேட்டரின் அடியில் படுத்திருந்தார். பையன் உருளையின் பள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுற்றாகத் திருப்பத் தொடங்கினான்.

"எத்தினி சுத்து மேஸ்திரி?"

"எண்ணிக்கினே திருப்பு, சொல்றேன்."

"ஒண்ணு."

பதில் இல்லை.

"ரெண்டு."

"மூடு" என்றார் மேஸ்திரி.

பையன் மூடினான். கயிற்றைத் துளைவழியே வெளியே எடுத்து, கைப்பிடியில் முடிந்து, கூட்டை எஞ்சின்மேல் வைத்து, மூன்று போல்ட்டுகளையும் இறுக்கினான். கைப்பிடி ஒரு விரல் அளவு தொய்ந்து நின்றது. புதுக் கயிறு, விறைப்பு போனதும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். எஞ்சின் இரண்டாம் இழுப்பில் பற்றிக்கொண்டது. தோப்புக்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டு விரைந்தார். மேஸ்திரி ஜெனரேட்டரின் அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. இதில் அவருடைய பிழையும் உண்டு. எந்த வேலையையும் தொட்டுப் பார்க்காமல் அனுப்பாதவர் என்று பெயரெடுத்தவர் அன்று தொட்டுப் பார்க்கவில்லை.

தெலுங்கில் 'மூடு' என்றால் மூன்று. மூன்று என்று எண்ணைச் சொல்லி அடுத்த சுற்றுக்குப் போகச் சொன்னார் அவர். தமிழில் மூடு என்றால் மூடு. ஒலியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதற்கு முந்தைய எண் வேறாக இருந்திருந்தால் பையன் உஷாராகியிருப்பான். ஒன்று என்பது அங்கே 'ஒகட்டி', அது தமிழ்க் காதில் அயலாக உறுத்தும். ஆனால் 'ரெண்டு' இரண்டு மொழிக்கும் பொது. பேச்சுத் தமிழின் ரெண்டும் தெலுங்கின் ரெண்டும் ஒன்றே. ஆகவே, பையன் ரெண்டு என்றதும் மேஸ்திரியின் நாக்கு எந்த மொழியில் இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லாமல் போனது. இரண்டாம் மொழியைச் சரளமாகப் பேசுபவரும் எண்ணும்போது தாய்மொழிக்குத் திரும்பிவிடுவது பரவலாகக் காணப்படுவதுதான். மேஸ்திரி தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார், எண்ணியது தெலுங்கில்.

சொற்பட்டியலோடு களத்துக்குப் போகும் மொழியியல் மாணவருக்கு இந்த இணை அகப்படுவது கடினம். வினாநிரலில் எண்ணுப்பெயர்கள் ஒரு பக்கத்தில் இருக்கும். வினைகள் வேறொரு பக்கத்தில். பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலும் மூன்றும் மூடுதலும் தனித்தனிப் பதிவுகள். அவற்றுக்கு இடையே எந்த உறவும் இல்லை, இருக்கவும் தேவையில்லை. தமிழின் மூன்று தெலுங்கில் மூடு ஆகும், கன்னடத்தில் மூறு. எல்லை இன்னும் கொஞ்சம் மேற்கே, குப்பம் பக்கம் இருந்து, மேஸ்திரி கன்னடத்தில் எண்ணியிருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும்.

இரு மொழிகளின் வேற்றுமையால் வந்த குழப்பம் இது என்று சொல்வது எளிது. உண்மை நேர்மாறானது. 'மூணு சுத்து திருப்பு' என்பது பையனின் தமிழ். 'மூடு சுட்லு திப்பு' என்பது மேஸ்திரியின் தெலுங்கு. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. சுற்று அங்கே சுட்டு; திருப்பு அங்கே திப்பு. இலக்கண வகுப்பில் சுட்டு என்றால் வேறொன்றை நினைக்கும் நமக்கு இது வேடிக்கை; பட்டறையில் அது உருளையின் ஒரு முழுச்சுற்று. 1971இல் கம்பர்ஸும் வில்சனும் மகாராஷ்டிரத்துக் குப்வார் கிராமத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை மொழியியல் மாணவர் எல்லாரும் படித்திருப்பர். வெவ்வேறு குடும்ப மொழிகளே அங்கே நெடுங்காலப் பழக்கத்தால் தொடரமைப்பில் நெருங்கிவந்தன என்பது அதன் செய்தி. சித்தூரிலோ இரண்டும் ஒரே குடும்பம். தொடரின் அச்சு முன்பே ஒன்று. அச்சு ஒன்றாக இருப்பதால்தான் ஒரு மொழியின் சொல் மற்றதன் இடத்தில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முற்றிலும் அயலான மொழியாக இருந்திருந்தால் பையன் "என்னா?" என்று கேட்டிருப்பான்.

இந்த நெருக்கம் நேற்று வந்ததல்ல. சித்தூர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். 1911இல்தான் அது தனி மாவட்டத்தின் பெயராயிற்று. மொழிவழி மாநிலங்கள் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது கோடு முடிவாயிற்று. கோட்டுக்கு இருபுறமும் மற்ற மொழி மிச்சமிருந்தது; இன்றும் இருக்கிறது.

மூன்றாம் நாள் தோப்புக்காரர் மறுபடியும் வந்தார். தொய்ந்து தொங்கிய கைப்பிடியில், மரத்துக்கு மரம் இழுத்துச் சென்ற மருந்துக் குழாய் சிக்கியிருக்கிறது. குழாயை இழுத்த ஆளுக்கு அது தெரியவில்லை, பலமாக இழுத்திருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் கயிறு இழுபட, கொக்கிகள் வெளியே நீண்டு, சுழலும் கிண்ணத்தில் மோதி, ஒன்று ஒடிந்துபோயிற்று. உடைந்த துண்டு உள்ளே கிடந்து கூட்டையும் கீறியிருந்தது. இரண்டு நாள் தெளிப்பு நின்றுவிட்டது. கிழக்குப் பக்கத்து மரங்களில் பூ கருக்கத் தொடங்கிவிட்டது என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மேஸ்திரி கூட்டைக் கழற்றி மடியில் கவிழ்த்தார். உருளையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சுற்று குறைவு என்று விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. பையனை நோக்கிக் கை ஓங்கினார்.

"நீங்கதான மூடுன்னு சொன்னீங்க" என்றான் பையன். அழவில்லை, நியாயம் கேட்கும் குரல் அது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மேஸ்திரி அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது தெரிந்தது. பிறகு கையைக் கீழே இறக்கி, எழுந்துபோய், பட்டறையில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த தன் சொந்த எஞ்சினைக் கழற்றித் தோப்புக்காரரின் வண்டியில் கட்டிவிட்டார். வாடகை வாங்கவில்லை. பழுதான எஞ்சினுக்கு வேலூரிலிருந்து கொக்கி வரவழைத்து மாட்டிக்கொடுத்ததற்கும் காசு வாங்கவில்லை. கருகிய பூவுக்கு இவை எதுவும் ஈடாகாது என்பது மூவருக்கும் தெரியும். அந்த ஆண்டுக் கிழக்குப் பக்கத்துக் காய்ப்பைப் பற்றித் தோப்புக்காரர் பின்னர் ஒருபோதும் பேசவில்லை. எஞ்சினை மட்டும் தொடர்ந்து அந்தப் பட்டறைக்கே கொண்டுவந்தார்.

மன்னிப்பு என்று எதையும் மேஸ்திரி சொல்லவில்லை. அந்தத் தலைமுறை மேஸ்திரிகளுக்கு அந்தச் சொல் எந்த மொழியிலும் தெரியாது. ஆனால் அன்று முதல் மூன்று என்று சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் மூன்று விரலையும் நீட்டினார். மூன்று தேநீர் சொன்னாலும் விரல். மூன்று மணிக்கு வரச்சொன்னாலும் விரல். தொலைபேசியில் பேசும்போதுகூட, எதிர்முனைக்குத் தெரியாது என்பதை மறந்து, மூன்று விரல் உயரும். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். மேஸ்திரி அதையும் அறிந்தேயிருந்தார்.

அந்தப் பையன் இப்போது முப்பதை நெருங்குகிறான். திருப்பதியில், ரேணிகுண்டா சாலைப் பக்கம் அவனுக்கென்று ஒரு சிறு கடை இருக்கிறது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். பழைய பட்டறையும் புதிய கடையும் இன்று வெவ்வேறு மாவட்டங்களில். மேஸ்திரி பட்டறையை மூடி வீட்டோடு இருக்கிறார். கடைக்கு வருபவை பெரும்பாலும் ஜெனரேட்டர்கள், புல் வெட்டும் இயந்திரங்கள், மருந்து தெளிப்பான்கள். கயிறு அறுந்தால் ஸ்டார்ட்டரை முழுக் கூடாகவே மாற்றிவிடுவதுதான் இப்போது வழக்கம். உருளையைப் பிரித்து உட்கார்ந்து முறுக்கேற்ற யாருக்கும் பொழுதில்லை. அவன் மட்டும் இன்னும் பிரிக்கிறான். இரண்டு முழக் கயிற்றுக்காக ஒரு முழுக் கூட்டை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது அவனுக்குப் பிடிப்பதில்லை. வருவாய்க்கு இது நல்ல குணம் அல்ல.

அவனிடம் வேலை கற்பவன் காளஹஸ்தி பக்கத்துச் சிறுவன். தமிழ் தெரியாது. 'அன்னா' என்று கூப்பிடுகிறான். அவனுக்குக் கயிறு தாடு, சுற்று சுட்டு. கோயிலைச் சுற்றும் திசையை வைத்துத்தான் இவனுக்கும் பக்கம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. கூட்டை மடியில் கவிழ்த்து, கயிற்றைப் பள்ளத்தில் பிடித்து, எதிர்ச்சுற்றாகத் திருப்பும்போது கடைக்காரன் தெலுங்கில் எண்ணிக்கொடுக்கிறான். கல்லாவில் பணத்தைத் தமிழில் எண்ணுபவன், சிறுவனுக்காக 'ஒகட்டி' என்கிறான். 'ரெண்டு' என்கிறான். மூன்றாவது எண்ணை மட்டும் வாயால் சொல்வதில்லை. இந்தச் சிறுவனுக்கு அந்தச் சொல்லில் ஒரு குழப்பமும் வராது. அவனுக்கு அது மூன்று மட்டுமே. இருந்தாலும் கடைக்காரன் தலையைத் தூக்கி, சிறுவன் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, கிரீஸ் படிந்த மூன்று விரலை நீட்டுகிறான்.